சலவைக்கூடத்து மேதைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை, அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டுமாம், குறிப்பிட்டுவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எழுது, படித்துச் சந்தோஷப்படுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான்.

உன் அப்பா இந்த மாதம் ஒரு சாதனை செய்தார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன், எதற்கு ஆள் என்று வீடியோ பார்த்து அவரே கழற்றி மாட்டினார். வெந்நீர்க் குழாயில் காற்று வந்தது, தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வந்தது. கடைசியில் குழாய்க்காரர் வந்து எட்டிப் பார்த்து, "யாரு சார் இதுல கை வெச்சது?" என்று கேட்டதற்கு, எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் என்று கூசாமல் சொன்னார். நீ பிறந்ததே இந்த வீட்டில்தான். உன் அத்தை வந்திருந்தாள், மகன் வாங்கிய மூன்று மென்பொருள் சான்றிதழையும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாளாம், அரை மணி நேரம் அதே பேச்சு. பிள்ளை வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பிரின்டரில் காகிதத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டானாம், அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள். சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, என் கதை அதைவிடக் கேவலம்.

எங்கள் சலவைக்கூடத்துக்குப் புது மென்பொருள் வந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் துணி எது, ஓட்டல் துணி எது, எந்த மூட்டை எந்த வேனில் எப்போது போக வேண்டும் என்று நான் இத்தனை வருஷம் பலகையில் எழுதிவந்ததை இனி கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். அதற்குப் பயிற்சி, பயிற்சியில் மேல்வகுப்பு கீழ்வகுப்பு என்று இரண்டு, யாருக்கு எந்த வகுப்பு என்று பார்க்க ஒரு பரீட்சை. பரீட்சையைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, எழுதியதே நீ. நான் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன், என் டீ ஆறுவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. உனக்குத் தெரியாதது அதற்கப்புறம் நடந்தது. என் உதவியாளன் இருக்கிறானே, பேச்சில் தேன் ஒழுகும், சர்க்கரைக்கட்டி என்று கூப்பிடுவோமே, அவன் எட்டிப் பார்த்தான். போகட்டும் என்று காட்டினேன். அவன் இஸ்திரிப் பிரிவுக்குக் காட்டினான், இஸ்திரிக்காரர்கள் மடிப்புப் பிரிவுக்கு, மடிப்பிலிருந்து வேன் ஓட்டுநர்களுக்கு. எங்கள் கூடத்தில் ஒருத்தர் தலைகுனிந்தால் மற்றவர்களுக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவு பாசம். முடிந்தபோது கட்டடம் முழுக்கத் தொண்ணூற்றிரண்டு மார்க், எல்லோருக்கும் அதே இரண்டு கேள்வி தப்பு. மேனேஜருக்கு ஒரு சின்னச் சந்தேகமாவது வந்ததா என்றால், பூரித்துப்போய்க் கேக் வாங்கி வெட்டினார், "நம்ம கூடத்துல இவ்ளோ மூளை ஒளிஞ்சிருந்திருக்கே" என்று கண் கலங்கினார். அது கிடக்கட்டும், இத்தனை படித்துவிட்டு அந்த இரண்டை நீ எப்படிக் கோட்டை விட்டாய்?

ஆக எல்லோரும் மேல்வகுப்பு. பாடம் எடுக்க வந்தவர் மேல் தப்பில்லை, தொண்ணூற்றிரண்டு வாங்கியவர்கள் என்று நம்பி வந்த பாவம் அவர். அடுத்த வருஷம் எத்தனை துண்டு அழுக்காகும் என்று இப்போதே கணிப்பது எப்படி என்று கோடு கோடாக வரைந்து காட்டினார். நடுநடுவே எங்களுக்கு நிஜமாகத் தேவைப்படுவது ஏதாவது வந்தால், "இது உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதானே" என்று தாண்டிப் போவார், நாங்களும் வரிசையாகத் தலையாட்டுவோம். கேட்டால் தொண்ணூற்றிரண்டின் மானம் போய்விடுமே. நான் வாய் திறக்கட்டும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள், வேறு யாராவது திறக்கட்டும் என்று நான் காத்திருந்தேன், வகுப்பு முடிந்துவிட்டது. நீ அனுப்பிய 'பெரியவர்களுக்கான கணினி' வீடியோவையும் பார்த்தேன். அதில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, இதுதான் திரை, பயப்படாதீர்கள் என்கிறாள். திரையைப் பார்த்து நான் எதற்கடி பயப்பட வேண்டும், உன்னைப் பெற்றபோதே நான் பயப்படவில்லை. ஒரு பக்கம் இதுதான் திரை, இன்னொரு பக்கம் அடுத்த வருஷத்து அழுக்கு. தப்பாகப் போட்ட ஒன்றை எப்படி எடுப்பது என்று சொல்ல நடுவில் ஓர் ஆள் கிடையாது.

போன வாரம் அதில்தான் மாட்டினேன். ஆபரேஷன் அறைக்குப் போகிற பச்சைத் துணி மூட்டைகளைப் பதியும்போது, ஆஸ்பத்திரி பெயருக்கு மேலே இருந்த ஓட்டல் பெயரைத் தொட்டுவிட்டேன். உடனே தெரிந்துவிட்டது, எடுக்கத்தான் தெரியவில்லை. சர்க்கரைக்கட்டியைக் கேட்டேன், "அது ஒண்ணுமில்லக்கா, சிம்பிள்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. பலகையில் என்றால் அதன் மேலேயே சரியாக எழுதிவிடுவேன், அதுபோல என்று நினைத்து, சரியான பெயரில் மறுபடி ஒருமுறை பதிந்தேன். மெஷின் இரண்டையும் வைத்துக்கொண்டது, ஓட்டுநர் போனுக்கு முதலில் போட்ட தப்புதான் முதலில் போயிற்று. முன்பெல்லாம் அந்த மனிதர், "என்னக்கா, ஓட்டல்ல ஆபரேஷன் பண்றாங்களா?" என்று கேலி செய்துவிட்டு மூட்டையை ஏற்றவே மாட்டார். இப்போது அவரும் மேல்வகுப்பு அல்லவா, திரை சொன்னபடி ஓட்டலில் இறக்கிவிட்டு விசில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள், "டாக்டர் ரெடி, பேஷன்ட் ரெடி, துணி எங்கக்கா?" என்றாள். ஓட்டலுக்கு ஓடி மூட்டையை மீட்டு நானே கொண்டுபோனேன். ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. வராந்தாவில் தள்ளுகட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும், முந்தின நாளிலிருந்து வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் யாரென்று தெரியாமல், "இன்னும் நேரமாகுமாம்மா?" என்று என்னையே கேட்டாள். ஏதோ உளறிவிட்டு வேனில் வந்து உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டாள், விசாரித்தேன். ஆனாலும் அந்த முகம் போகமாட்டேன் என்கிறது.

மறுநாள் மேனேஜரிடம் போய், பரீட்சை எழுதியது என் மகள், என்னைக் கீழ்வகுப்பில் போடுங்கள் என்றேன். மனிதர் முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இத வெளியில சொல்லிடாதீங்கம்மா, மேலிடத்துக்கு ரிப்போர்ட் போயாச்சு" என்றார். மேல்வகுப்பில் இருப்பவரைக் கீழே இறக்க அந்த மென்பொருளில் வழியே வைக்கவில்லையாம், ஏற்றுவதற்கு மட்டும்தான் பொத்தானாம், எந்தப் புத்திசாலி செய்தானோ. ஒரே வழி, பயிற்சி முடிவில் வருகிற பரீட்சையில் தோற்பது. தோற்றால் கீழ்வகுப்பு, ஆனால் அதை முடிக்கும் வரை நான் உட்காருகிற பொறுப்பாளர் நாற்காலி கிடையாது. அதில் சர்க்கரைக்கட்டி உட்காருவான், நான் அவன் சொல்கிற மூட்டையை எண்ண வேண்டும். முடித்ததும் நாற்காலி திரும்பி வருமா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. சர்க்கரைக்கட்டி முதுகுவலி என்று இப்போதே ஒரு குஷன் வாங்கி வைத்திருக்கிறான், அவன் உட்காருகிற முக்காலிக்கு அது பொருந்தாது, என் நாற்காலிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. அவன் தேறிவிடுவான், கம்ப்யூட்டர் வேலையில் அவனுக்கும் ஒரு மச்சான் இருக்கிறான்.

கீழ்வகுப்பில் இப்போது ஒரே ஓர் ஆள், பரீட்சையன்று பல்வலி என்று லீவில் இருந்த எங்கள் பாய்லர்காரர். பிறகு தனியாக எழுதிப் பதினாறு மார்க் வாங்கினார், நாங்கள் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். கண்ணாடிக் கதவு வழியாக ஒருநாள் பார்த்தேன். தப்பாகப் போடுகிறார், எடுக்கிறார், மறுபடி போடுகிறார், டீச்சரை மூச்சுவிட விடாமல் கேள்வி கேட்கிறார். அந்த ஆளைப் பார்த்து எனக்குப் பொறாமை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நான்தான் எடுக்கச் சொல்லிக் கொடுத்தேனே என்பாய். கொடுத்தாய், குட்டிக்கு ஊட்டிக்கொண்டே கொடுத்தாய், அந்த ஒன்று இப்போது எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் தெரியாதது இன்னும் எத்தனை இருக்கிறதோ, அதுவே எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் ஓர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பரீட்சை அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. சொன்னதும் நீ, "கவலப்படாதம்மா, அன்னைக்கும் படம் எடுத்து அனுப்பு, இந்தத் தடவ நூத்துக்கு நூறு" என்றாய். இங்கே காலை என்றால் உனக்கு நடுராத்திரி, அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன் என்கிறாய். உன் அப்பாவும் உன் கட்சி, "கையில இருக்கற நாற்காலிய விட்டுக் குடுக்க உனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் ஒன்றும் சாமியார் இல்லை. மூட்டை தூக்கி, மடித்து, எண்ணி, ஒவ்வொரு பிரிவாக ஏறி வந்து உட்கார்ந்த இடம், அதில் அவன் குஷனோடு சாய்ந்து உட்காருவதை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆனால் நூறு வாங்கி அதில் உட்கார்ந்தால், அடுத்த முறை தெரியாமல் விழிக்கும்போது நான் யாரைக் கேட்பேன்? நூறு வாங்கியவளுக்கு யாரையும் கேட்கிற உரிமை கிடையாது. அதனால் தோற்கப் போகிறேன். அதற்காக வேண்டுமென்றே தப்பாக எழுத அவசியமில்லை, எனக்குத் தெரிந்ததை எழுதினாலே போதும்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நெடுங்காலம் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடு. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் நின்றுகொண்டே சாப்பிடாதே. அந்த வியாழன் ராத்திரி அலாரம் வைக்காதே. படம் வராது, போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போகப் போகிறேன். நன்றாகத் தூங்கு.

இப்படிக்கு,
அந்த வெள்ளிக்கிழமை வரை அனுப்புதல் பிரிவின் பொறுப்பாளர்,
அதற்கப்புறமும் உன் அம்மா.