சர்க்கரை ஏன் எரியவில்லை?

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

எனக்குத்தான் தலை சுற்றுகிறது. ஒரு வேதிவினை தானாக நடக்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் இங்கே பாடம். விடை கழித்தல் குறியோடு வந்தால் நடக்கும். நேற்று சர்க்கரைக்குப் போட்டுப் பார்த்தேன், கழித்தல்தான் வந்தது. காற்றில் அது தானாகவே எரிய வேண்டுமாம்! டப்பாவைத் திறந்துவைத்து முறைத்துப் பார்த்தேன். எறும்புதான் வந்தது.

ஆய்வகத்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நடக்கும்னுதான் கணக்கு சொல்லும். எப்பன்னு சொல்லாது." ஒரு சர்க்கரைக் கட்டியில் நெருப்பைக் காட்டினார், உருகியதே தவிர எரியவில்லை. இன்னொன்றில் துளி சாம்பலைத் தடவிக் காட்டினார். குப்பென்று பற்றிக்கொண்டது. என் விரலில் லேசாகச் சுட்டுவிட்டது, பயப்படாதே. சாம்பல் எரியவே இல்லையாம், தூண்டிவிட்டதோடு சரியாம். அது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த முறை போனில் பேசும்போது மிக்சியை நிறுத்தாதே. அந்தச் சத்தம் இருக்கட்டும்.

வீட்டுக்கு வருவேன் என்பது கணக்கே போடாமல் தெரிகிறது. எப்போது என்றுதான் தெரியவில்லை. நீயோ ஒவ்வொரு தடவையும், "படிப்பைப் பாருடி, வீடு எங்க ஓடிப்போகுது?" என்கிறாய்.

ஆய்வகத்தைப் பூட்டக் காவலாளி சாவியை ஆட்டுகிறார், ஓடுகிறேன். ஒரே ஒரு தடவை "வாடி" என்று சொல்லிப் பாரேன் அம்மா.

உன் மகள்