பத்தொன்பது புள்ளிகள்

அன்பு மகள் சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், பேர்கன் நகரத்துக் குளிருக்குள் நீயும் மருமகனும் சுகமாக இருக்க அவனிடமே கேட்கிறோம். வீரமுனைப் பக்கத்து வயல் அறுவடை முடிந்தது, மழை முந்திவிட்டதால் நெல் ஈரம், உன் தம்பி றிபாத் மூன்று நாளாக றோட்டில் பரப்பிக் காயவைக்கிறான். உம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இதைச் சொல்ல இரண்டு தரம் உனக்கு எடுத்தேன், இரண்டு தரமும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

நீ போன மாதம் அனுப்பிய படத்தைப் பற்றியது. உன் ஆராய்ச்சிக் கணிதத்தில் வரும் லீ கூட்டங்களின் பிரதிநிதித்துவங்களைக் கண்ணால் பார்க்கும்படி வரைகிற கணினி நிரல் ஒன்று எழுதியிருப்பதாகவும், அதன் முதல் படம் எனக்குத்தான் என்றும் சொன்னாய். நிஸாமின் கடையில் பெரிய தாளில் அச்சடித்து மேசையில் விரித்தேன். முக்கோணங்கள் சேர்ந்த வலைபோல ஒரு சாலகம், அதில் அறுகோணமாக அடுக்கிய புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறை. வெளியே பன்னிரண்டு, உள்ளே ஆறு, நடுவில் ஒன்று, மொத்தம் பத்தொன்பது. பரிமாணம் இருபத்தேழு என்று மேலே போட்டிருந்தாய், நிறைகளை எண்ணினால் அது வர வேண்டும். எட்டுக் குறைகிறதே என்று ஃபோனில் கேட்டேன். "சில நிறை ரெண்டு தரம், மூன்டு தரம் வரும் வாப்பா, நிறத்தப் பாருங்க, ஒவ்வொரு மடங்குக்கும் ஒரு நிறம் போட்டிருக்கன்" என்றாய். எல்லாம் ஒரே நிறம்தான், உன் நிரல் பிழை என்றேன். தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாய். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு ஒரு படம் பார்க்கத் தெரியாதா என்று கோபித்து வைத்துவிட்டேன்.

அந்த இடத்தில் என் கண்ணை நான் சந்தேகித்திருக்க வேண்டும். சந்தேகித்தேன், சொல்லவில்லை. இருபத்தொரு வயதில் நில அளவை வேலைக்குப் போனபோது, நிறப் புள்ளிகள் நிறைந்த புத்தகம் ஒன்றைக் காட்டி உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். எனக்கு எண் எதுவும் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரியாது. வேலை தரவில்லை. இடம் நிரம்பிவிட்டது என்று வீட்டில் சொன்னேன், அதற்குப் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. கரும்பலகையில் வெள்ளைச் சோக்கைத் தவிர வேறு எடுத்ததில்லை, அதைக் கண்டிப்பு என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வர, உம்மா அந்தத் தாளுக்கு முன்னால் நின்றார். "புள்ள எவ்வளவு வடிவாக் கீறியிருக்கா, வெளிய பச்ச, உள்ளுக்குச் செவப்பு, நடுவுல மண்ணிறம்" என்றார். நான் கதிரையை இழுத்துப்போட்டு, உம்மா சொன்ன நிறப்படி எண்ணினேன். பன்னிரண்டு ஒரு தரம், ஆறு இரண்டு தரம், நடுப்புள்ளி மூன்று தரம், இருபத்தேழு சரியாக வந்தது. அன்று பின்னேரம்தான் றிபாத் சொன்னான், நீ என் சொல்லை நம்பிப் பத்து நாள் இல்லாத பிழையைத் தேடினாயாம், மாநாட்டில் படத்தைக் காட்டிப் பேச இருந்த இடத்தையும் விட்டுக்கொடுத்தாயாம். என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் நிரலில் பிழை இல்லை மகள். கண் அல்லாஹ் தந்தபடி இருக்கிறது, மறைத்தது நான். என்னை மன்னித்துக்கொள். உன் பேராசிரியருக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் இதை உள்ளபடியே சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உம்மாவிடமும் சொன்னேன். அந்தத் தாளைத் திரும்ப ஒரு தரம் பார்த்தார். பிறகு, "அப்ப என்ட கலியாணச் சாறி என்ன நிறமென்டு நினைச்சீங்க?" என்று கேட்டார். மண்ணிறம் என்று நினைத்தேன் என்றேன். "அது செவப்பு. அதான் அண்டைக்கு நீங்க ஒன்டுமே சொல்லல்ல" என்று சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்தார்.

தொழுகையை விடாதே, குளிருக்குத் தலையை மூடு. அடுத்த மாநாட்டுக்கு இப்போதே பெயரைக் கொடு. உன் அறிவிலும் வாழ்விலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. ஒன்று மட்டும் மறக்காதே: நிறம் இருக்கட்டும், புள்ளிக்குப் பக்கத்தில் எத்தனை தரம் என்ற எண்ணையும் போடு. அந்த மண்டபத்தில் என்னைப் போல ஒருவர் இருப்பார், அவரும் கையை உயர்த்தமாட்டார்.

துஆவுடன்,
வாப்பா
பக்கீர் முகைதீன்
மருதமுனை