அவர் கேட்ட மாத்திரை

14 ஆகஸ்ட் 1984, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"வீட்ல மிச்சம் இருக்கிற மாத்திரைய எடுத்துட்டு வா, கமலா. முட்டி வலி தாங்க முடியல லா."

அந்த மாத்திரைதான் அவர் சிறுநீரகத்தைக் கெடுத்தது. டாக்டரிடம் காட்டாமல் கடையில் வாங்கி விழுங்கினார். வலி போனது, கூடவே சிறுநீரும் நின்றுபோனது. முகமும் காலும் வீங்கிய பிறகுதான் டாக்சி பிடித்துக் கொண்டுபோனேன். இனி அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறார்.

"முடியாதுங்க" என்றேன்.

"இந்த முட்டியோட லோரி கிளட்ச எப்படி மிதிப்பேன்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கிளம்பும்போது வார்டு மிஸ்ஸி நர்ஸ் உடுப்போடு மருந்துத் தட்டை ஏந்தி வந்து, "அக்கா, இன்னிக்கு கொஞ்சம் யூரின் போயிருக்கு. நல்லதுதான்" என்றாள். அதைக் கேட்டும் அவர் திரும்பவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஆனால் கடையில் இன்னும் விற்கிறார்களே. நாளை ரவாங்கிலிருந்து அவர் தம்பி வருகிறார். அண்ணன் கேட்டுத் தம்பி எதையும் மறுத்ததில்லை. தம்பி வந்து சேருவதற்கு முன்பே நான் வார்டு வாசலில் நிற்க வேண்டும்.

தம்பியைத் தடுத்துவிடலாம். ஆனால் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாரே, அந்த வலிக்கு வேறு என்ன கொடுக்கலாம் என்று யாரிடமும் கேட்காமல் வந்துவிட்டேன். விடிந்ததும் டாக்டரிடம் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.