பிறர் பெயருக்குப் போட்ட ஊசி

இன்று காலை ஆஸ்பத்திரியில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ செத்துப்போய் ஒரு மழைக்காலம் ஆகிறது. கூடத்தில் யாரும் எழவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

நம் தேயிலைத் தோட்டத்துப் பழக்கம் அது. காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கக் கங்காணி பெயர் கூப்பிடும்போது, இன்னும் வீட்டில் முகம் கழுவிக்கொண்டிருப்பவனுக்காக எவனாவது “வந்தாச்சுங்க” என்று குரல் கொடுப்பான். அதை நாம் பொய் என்று எண்ணியதே இல்லை.

அந்த நட்பை நீ ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனாய். பக்கத்து நாற்காலிக்காரர் கழிவறைக்குப் போயிருந்தார். அவர் முறை போய்விடக் கூடாதென்று குரல் கொடுத்தாய். விஷயத்தைச் சொல்ல உள்ளே போனாய். தாதி ஊசியோடு நின்றாள். வெள்ளுடைக்காரர்களை மறித்துப் பேச நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அவருடைய சர்க்கரை ஊசி உன் கையில் இறங்கியது. சர்க்கரை நோயே இல்லாமல் மயங்கி விழுந்த உன்னை, கேன்டீன் வாசலில் வாயில் இனிப்பு மைலோ ஊற்றி எழுப்பினோம்.

புகார் சொல்லப் போனபோது மலாயில் எடுத்துச் சொல்ல என்னை இழுத்துப்போனாய். அதிகாரி பணிவானவர். தேயிலை மலையில் நமக்குக் காப்பி கொடுத்தார். குரல் கொடுத்தது நீதானே என்று கேட்டார்.

“தப்புதான் சார். ஆனா ஊசிக்கு முந்தி ‘உங்க பேரு என்ன’ன்னு கேட்டிருந்தா, என் பேரத்தானே சொல்லியிருப்பேன்? அடுத்தவன் விழுந்தா எந்திரிக்க மாட்டான் லா.”

அதிகாரி நன்றி சொன்னார். சில நாளில் சுவரில் பலகை ஏறியது: பிறர் பெயருக்குப் பதில் சொல்லாதீர். உன் புகாரிலிருந்து ஆஸ்பத்திரி கற்றது, நோயாளிகள் திருந்த வேண்டும் என்பது. மறுபடி போனாய், பலகையைப் பெரிதாக்கினார்கள். “பலகையாடா ஊசி போடுது?” என்று நம் ஊர் ரிங்லெட் வரும்வரை பஸ்ஸில் புலம்பினாய்.

நீ உறக்கத்தில்தான் போனாய். அதில் ஆஸ்பத்திரிக்குப் பங்கில்லை, நியாயம் நியாயம்தான்.

இன்று திறந்த வாயைக் குரல் வருமுன் மூடிக்கொண்டேன். உன் பெயர்க்காரர் ஒருவர் ஈரக் கையைத் துடைத்தபடி ஓடிவந்து, “நான்தாங்க” என்றார். தாதி அவரை உள்ளே கூட்டிப்போனாள். நானும் போய்க் கதவருகே நின்றேன்.

“மிஸி, அவர் பேர அவரையே சொல்லச் சொல்லுங்க.”

“பலகை இருக்கே அங்கிள்.”

“இருக்கட்டும். கேளுங்க.”

பெருமூச்சு விட்டுக் கேட்டாள். அவர் தன் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தாளில் அப்பா பெயர் வேறு, ஊசி வேறொருவருக்கானது. ஊசி தட்டுக்குத் திரும்பியது.

நாளை இதைப் புகாராகச் சொல்லப் போகிறேன். நன்றி சொல்வார்கள். இன்னொரு பலகைக்குச் சுவரில் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.