வாட்டர் ஓக் தெரு 214-ஆம் எண் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் நேராக வர வேண்டும்

அனுப்புநர்:
ஹோமர் கில்ஸ்ட்ராப்,
211, வாட்டர் ஓக் தெரு,
கேடன், அலபாமா.

பெறுநர்:
திருமதி வெர்னா டில்லார்டு,
இயக்குநர், மாவட்ட அவசர அழைப்பு மையம்,
கேடன்.

பொருள்: பயிற்சியாளர் டெரல் பிக்கன்ஸ் அவர்களின் வீட்டு முகவரிமீது தங்கள் கணினியில் இடப்பட்டுள்ள எச்சரிக்கைக் குறிப்பை 26-ஆம் தேதி சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் மேற்படி தெருவில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். உள்ளூர் நாளிதழில் கேடன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி நாற்பத்தொரு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். பிக்கன்ஸ் குடும்பம் எனக்கு எதிர்வீடு. அந்த அணியின் பயிற்சியாளரான அவர், மனைவி லோரீன், ஒன்பது வயது மகள் ஆடலின். ஆடலினுக்கு வலிப்பு நோய் உண்டு. தெருவில் அனைவருக்கும் இது தெரியும்.

2. இம்மாதம் 19-ஆம் தேதி நம் அணி சொந்த மைதானத்தில், முப்பது புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று எல்லோரும் நம்பிய ஆட்டத்தில், ஒரு சிறிய கல்லூரியிடம் 13-க்கு 10 என்ற கணக்கில் தோற்றது. கடைசி உதை கம்பங்களுக்கு நடுவே போனபோது கடிகாரத்தில் நேரம் மீதமில்லை. இந்தப் பருவத்தில் இது ஐந்தாவது தோல்வி.

3. அன்று மாலையே ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஸ்டார்லிங் பல்கலைக்கழக ரசிகர்கள் வரத் தொடங்கினார்கள். வரும் சனிக்கிழமை நமக்கு அவர்களோடுதான் ஆட்டம். ஞாயிறு காலை பயிற்சியாளர் வீட்டுப் புல்தரையில், அவர் வேலை போய் ஊரைவிட்டுக் கிளம்பப்போகிறார் என்ற கேலியாக நட்டிருந்த 'வீடு விற்பனைக்கு' பலகைகளை எண்ணினேன். இருபத்து மூன்று. மரங்களில் கழிவறைக் காகிதம் தொங்கியது. யாரும் கேட்காத பீட்சா ஒன்பது முறை வந்தது. இவை இந்த ஊரின் வழக்கம். இதற்கு முன்பிருந்த மூன்று பயிற்சியாளர்களும் இதைச் சகித்துக்கொண்டார்கள். இவை குறித்து எனக்குப் புகார் இல்லை.

4. என் புகார் தொலைபேசி அழைப்புகளைப் பற்றியது. ஞாயிறு நண்பகல் முதல் திங்கள் இரவு வரை 214-ஆம் எண் வீட்டைக் குறிப்பிட்டுத் தங்கள் மையத்தின் 911 எண்ணுக்குப் பதினேழு பொய் அழைப்புகள் வந்துள்ளன. லோரீன் அம்மையாரின் சம்மதத்துடனும் தங்கள் அலுவலக அனுமதியுடனும் நேற்று அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். முதல் அழைப்பில் ஓர் இளைஞர் சொல்கிறார்: "காணாமப் போனவங்களப் பத்திச் சொல்லணுங்க. மொத்தம் பதினோரு பேரு, செவப்புச் சட்டை. கடைசியா ஆட்டத்தோட மூணாவது கால்பகுதியில பாத்தது." சிவப்பு நம் அணியின் நிறம். பின்னால் பலர் சிரிக்கிறார்கள். ஒன்பதாவது அழைப்பில் சிரிப்பு இல்லை. "கோச் வீட்டுல ஒருத்தர் பேச்சுமூச்சில்லாமக் கெடக்காரு. சீக்கிரம் வாங்க." ஆம்புலன்ஸ் போனது. பயிற்சியாளரே கதவைத் திறந்தார். தெருமுனையில் நின்ற ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பிச் சென்றது.

5. அதன்பின் தங்கள் மையம் அந்த முகவரிமீது ஒரு குறிப்பை இட்டது: பொய் அழைப்பு இடம், காவலர் நேரில் உறுதிசெய்த பிறகே ஆம்புலன்ஸ். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

6. 22-ஆம் தேதி செவ்வாய் மாலை 5.50-க்கு ஆடலினுக்கு வலிப்பு வந்தது. பயிற்சியாளர் மைதானத்தில் இருந்தார். வீட்டில் வைத்திருக்கும் மருந்தைக் கொடுத்தும் நிற்கவில்லை. 5.54-க்கு லோரீன் அம்மையார் அழைத்தார். பணியிலிருந்த பெண் மரியாதையாகவே பேசினார்: "மேடம், இந்த விலாசத்துக்கு முதல்ல போலீஸ்தான் வரும். அவங்க பாத்துச் சொன்னாத்தான் ஆம்புலன்ஸ்."

லோரீன் அம்மையாரின் பதில் ஒலிப்பதிவில் உள்ளது. அவர் கத்தவில்லை. "இது ஆட்டத்தப் பத்தின போன் இல்லம்மா. இது என் பொண்ணு."

7. ஆம்புலன்ஸ் நிற்கும் தீயணைப்பு நிலையம் எங்கள் தெருவிலிருந்து நான்கு நிமிடத் தொலைவு. அது புறப்படவில்லை. அம்மையார் தம் காரை எடுக்க முயன்றார். அவர் வீட்டு வாசலை மறித்து, ஸ்டார்லிங் ரசிகர்கள் வேடிக்கைக்காக அமர்த்தி அனுப்பிய சாமான் ஏற்றும் லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் உண்மையிலேயே வீடு காலிசெய்ய வந்ததாக நம்பி, யாரையாவது கேட்க அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மையார் சாலையைக் கடந்து வந்தார். 5.59-க்கு என் பிக்கப் வண்டியில் புறப்பட்டோம். 6.07-க்கு மருத்துவமனை. 6.09-க்கு ஊசி மருந்தில் வலிப்பு நின்றது. காவலர் 6.03-க்கு வந்து, ஆளில்லாத வீட்டையும் பலகைகளையும் பார்த்துவிட்டு, "வழக்கமான கூத்துதான்" என்று வயர்லெஸ்ஸில் சொல்லித் திரும்பியிருக்கிறார்.

8. பத்தொன்பது நிமிட வலிப்பு. குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலே ஆபத்து என்றும், அடுத்த முறை இப்படி அமையும் என்று தம்மால் சொல்ல முடியாது என்றும் மருத்துவர் கூறினார்.

9. இனி எழுதுவது எனக்குக் கடினம். ஆயினும் தங்கள் கோப்பில் இருக்க வேண்டும். முதல் அழைப்பில் அந்த இளைஞர் பேசியவை அவருடைய சொற்கள் அல்ல. ஞாயிறு இதழில் என் பத்தி இப்படித் தொடங்கியது: "காணவில்லை: நம் தடுப்பாட்டக்காரர்கள் பதினோரு பேர். கடைசியாகக் காணப்பட்டது மூன்றாம் கால்பகுதியில். தகவல் தெரிந்தால் 911-ஐ அழைக்கவும்." சனிக்கிழமை இரவு உணவுக்கு முன் எழுதிவிட்டு, நன்றாக வந்திருப்பதாக மகிழ்ந்தேன். அக்கரைக்காரர்கள் அதைப் படுக்கை விரிப்பில் எழுதிப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். பிறகு அழைத்தார்கள்.

10. மருத்துவமனை நடைக்கூடத்தில் பயிற்சியாளரிடம் இதை நானே சொன்னேன். பயிற்சி உடையிலேயே வந்திருந்தார். அவர் சொன்னார்: "என் ஆட்டத்தப் பத்தி எழுதுறத எழுதுங்க ஹோமர் சார், அது உங்க வேல. அந்த நம்பர மட்டும் போட்டிருக்க வேண்டாம்."

11. எனவே நான் வேண்டுவது:

அந்தக் குறிப்பை நீக்கி, அதற்குப் பதிலாக 'வலிப்பு நோயுள்ள குழந்தை. உடனே அனுப்புக' என்று பதிய வேண்டும். வெற்றியோ தோல்வியோ, சனிக்கிழமை அவர்கள் மறுபடி வருவார்கள், அழைப்புகளும் வரும். பதினேழு அழைப்புகளின் எண்களும் தங்களிடம் உள்ளன. அவற்றைக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தூண்டியவன் என்ற முறையில் என்னை விசாரித்தால் வருவேன். பணியிலிருந்த பெண்மீது நடவடிக்கை வேண்டாம். திரையில் இருந்ததை அவர் வாசித்தார்.

12. குறிப்பு நீக்கப்பட்ட செய்தியை 214-ஆம் எண் வீட்டுக்குத் தெரிவிக்க இயலாது. கேலி அழைப்புகள் தாங்காமல் வீட்டுத் தொலைபேசி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், கைப்பேசியிலும் வெளி அழைப்புகளை எடுப்பதில்லை. என் எண்ணுக்குத் தெரிவித்தால் சாலையைக் கடந்து போய்ச் சொல்வேன். அதுவரை என் பிக்கப், சாவியோடு, சாலையைப் பார்த்தபடி நிற்கும். இன்றைய தேதியில் அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஆம்புலன்ஸ் அது ஒன்றுதான். அதை ஓட்டுபவனுக்கு வயது அறுபத்தொன்பது. இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கிழமை ஆட்டம் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஹோமர் கில்ஸ்ட்ராப்

இடம்: கேடன்
நாள்: 24 அக்டோபர் 2019, வியாழன்

இணைப்பு: மருத்துவரின் சான்று, ஞாயிறு இதழில் வெளியான என் பத்தியின் நகல்.