பயிற்றுநர் என்ற இடத்தில் என் பெயர்

ஓய்வூதியக் கோவைக்குப் பழைய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சான்றிதழ் கையில் வந்தது. பொலித்தீன் உறைக்குள் இருந்தும் ஒரு மூலை பழுப்பேறியிருக்கிறது. உறையைத் திறந்ததும் சண்டைக் காலத்து வன்னிப் பங்கர்க் குழி மண்ணின் ஈர வாசம். மற்றக் காகிதங்கள் எல்லாம் பிறகு அலைந்து திரிந்து எடுத்த பிரதிகள், அவற்றுக்கு ஒரு வாசமும் இல்லை. இது மட்டுந்தான் அங்கிருந்து என்னோடு வந்தது.

என் பிரியாவிடை விழாவில் வாசிப்பதற்காக ஓர் இளம் ஆசிரியை பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், நீங்கள் நெற்போல் விளையாட்டுப் பழக்கினனீங்களோ? வலயத்தில முதலாமிடமோ? இதையெல்லோ முதல்ல வாசிக்கவேணும்!" என்றாள். படி ஏறவே மூச்சு வாங்குகிற என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள், பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"வையுங்கோ பிள்ளை, நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

நாளைக்கு என்ன சொல்லுவது? அதை உம்மிடம் கேட்கத்தான் மத்தியானச் சோற்றைக்கூட மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உம்மை நான் 'நீர்' என்றுதான் கூப்பிட்டேன். உமக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். உம்மைவிட இளைய ஆசிரியைகளை 'நீங்கள்' என்று சொன்ன வாய், நியமனம் இல்லாத உம்மை மட்டும் 'நீர்' என்றது. இப்போது மரியாதையாக மாற்றினால் எனக்குத்தான் ஆறுதல், உமக்கு ஒன்றும் இல்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

சண்டை நின்று பாதை திறந்து ஒரு வருடம் இருக்கும், நீர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது. மல்லாவியிலிருந்து உள்ளே நாலு கட்டை தூரம். நான் பதில் அதிபர், பள்ளிக்கூடத்தைப் பொறுப்பாக நடத்துகிறவள். ஆளணியில் விளையாட்டுக்கு ஆசிரியர் இல்லை, கேட்டால் தரவும் மாட்டார்கள். செம்மண் ஏறிய ஒரு பழைய சைக்கிளில் வந்து இறங்கி, "பெண் பிள்ளையளுக்கு நெற்போல் பழக்கட்டோ ரீச்சர்? நான் வவுனியாவில படிக்கேக்க பள்ளிக்கூடத்துக்கு விளையாடினனான்" என்றீர். மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை நீர். காலையில் மிளகாய்த் தோட்டத்தில் நாட்கூலி. பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் வர முடியும் என்று அப்போதே சொல்லிவிட்டீர்.

அந்த இரண்டு மணிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. தொண்டர் ஆசிரியர்களுக்கு ஒரு சின்னக் கொடுப்பனவு இருந்தது. ஆனால் நேரசூசியில் பாடம் உள்ளவருக்குத்தான் அது. காலை ஏழரைக்கு முன் வரவு இடாப்பில் கையெழுத்தும் வைத்திருக்க வேண்டும். ஏழரை அடித்ததும் நான் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கோட்டுக்குக் கீழே வருகிறவர் வராதவர்தான். பள்ளி விட்ட பிறகு வெயிலில் நின்று பிள்ளைகளைப் பழக்குவது பாடமாகாது. யார் எழுதிய விதியோ, அதை எழுதியவர் ஒரு நாளும் மைதானத்தில் நின்றிருக்கமாட்டார்.

"கோட்டுக்குக் கீழயெண்டாலும் ஒரு இடம் தாங்கோ ரீச்சர், காணும்" என்று கேட்டீர்.

"ஏலாது. நாளைக்குக் கந்தோரால ஓடிற் எண்டு இடாப்பைப் பாக்க வந்து நிண்டால் நான்தான் பதில் சொல்லவேணும்" என்றேன். பிறகு மனம் கேட்காமல் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை எடுத்துத் தந்தேன். "இதில ஒவ்வொரு நாளும் திகதியைப் போட்டு வையும். நிரந்தர நியமனம் குடுக்கிற காலம் வரேக்க இதைக் காட்டலாம், நானும் ஒரு கடிதம் தருவன்." பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. நீரும் அப்படித்தான் நினைத்தீர். கொப்பிக்கு உறை போட்டு, மூலையில் உமது பெயரை எழுதிக் கொண்டுவந்தீர், முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

பாலைத் தடியில் இரண்டு கம்பம் நட்டீர். வளையத்தைக் கொல்லரிடம் சொல்லி வளைப்பித்தீர். கோடு போடச் சுண்ணாம்பு வாங்க வழியில்லை என்றதும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு அடுப்புச் சாம்பலைப் பையில் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சட்டம் போட்டீர். மழை பெய்தால் மைதானம் அழிந்துவிடும், அடுத்த நாள் மறுபடி சாம்பல். "எங்கட குசினியில சாம்பல் வைக்க விடுறாளில்லை" என்று தாய்மார் என்னிடம் வந்து முறையிட்டார்கள். முறையிட்ட தாய்மாரே பிறகு வேலியோரம் நின்று பார்த்தார்கள். நீர் ஒருநாளும் பிள்ளைகளை அடிக்கவில்லை. பந்தைத் தவற விட்டவளைக் கூப்பிட்டு, "பந்து உன்னட்ட வந்தது, நீ வீட்டில இல்லை" என்பீர். அவ்வளவுதான். அது அடியைவிட உறைத்தது அவர்களுக்கு.

இரண்டாம் வருடம் வலயப் போட்டிக்குப் போனோம். அன்று காலை மேசையில் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். பயிற்றுநர் பெயர், அதற்குப் பக்கத்தில் நியமன இலக்கம். நான் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன். அணிகளைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

"உங்கட பேரை எழுதுங்கோ ரீச்சர்" என்றீர் நீரே. "நம்பர் இல்லாட்டில் பிள்ளையளை இறக்கமாட்டினம். பேரில என்ன கிடக்கு?"

எழுதினேன். வாழ்க்கையில் ஒருநாளும் அந்தப் பந்தைத் தொடாத என் பெயரை, பயிற்றுநர் என்ற இடத்தில். பிள்ளைகள் வென்றார்கள். மேடையில் என்னைக் கூப்பிட்டார்கள். நீர் கீழே நின்று மற்ற எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினீர். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மைதான். ஆனால் வெட்கம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. அடுத்த வருடம் என் அதிபர் தரத்துக்கு நேர்முகத் தேர்வு வந்தபோது கோவைக்குள் அந்தச் சான்றிதழையும் வைத்தேன். பாடத்துக்கு வெளியே செய்யும் புறக்கிருத்தியத்துக்குப் புள்ளி உண்டு. "விளையாட்டும் பழக்கிறீங்களோ?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். அந்த "ஓம்" சொல்லும்போது யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

எனக்குத் தரம் கிடைத்து மூன்று மாதத்தில் உமக்கு அழைப்பு வந்தது. தொண்டர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள், சேவையை உறுதிப்படுத்த அதிபரும் வரவேண்டும். கிளிநொச்சிக்குச் சேர்ந்து போனோம். நீர் யாரிடமோ இரவல் வாங்கிய நீலச் சேலை கட்டியிருந்தீர், பின் குத்தியே ஒரு தோள் கிழிந்திருந்தது. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "நிரந்தரமானால் அப்பாவைத் தோட்டக் கூலிக்குப் போகாமல் மறிச்சுப் போடுவன் ரீச்சர்" என்றீர். பஸ் முழுக்க அதுதான் கதை.

அங்கே எங்களை விசாரித்த அதிகாரி கெட்டவர் அல்ல. கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இது இடாப்பு இல்லையே அம்மா. பின்னேரம் வந்து வைச்ச கையெழுத்தைச் சேவையெண்டு எடுக்க ஏலாது. அணி பழக்கினதுக்கு ஒரு சான்றிதழாவது இருக்கோ?"

நீர் என்னைப் பார்த்தீர்.

அவரும் என்னிடம் திரும்பினார். "அதிபர், நீங்கள் சொல்லுங்கோ. ஆர் பழக்கினது? இவாதான் பழக்கினவா எண்டு எழுதித் தந்தால் நான் மேல அனுப்பிப் பாப்பன்."

கதவு திறந்துதான் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த ஒரு வரி, என் நேர்முகத் தேர்வில் நான் சொன்ன "ஓம்" பொய் என்றும் சொல்லிவிடும். என் தரம், என் சம்பளப் படி, வீட்டில் படித்துக்கொண்டிருந்த என் இரண்டு பிள்ளைகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. சொன்னேன்:

"இவாவும் உதவி செய்தவா."

'உதவி' என்று அவர் எழுதிக்கொண்டார். கொப்பியை மூடி உம்மிடம் தந்தார். அதோடு முடிந்தது.

திரும்பி வரும்போது நீர் கச்சான் கடலைக் காகிதச் சரை ஒன்று வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினீர். "சாப்பிடுங்கோ ரீச்சர், காலமையில இருந்து நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை." நான் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சத் தூரம் போனபின் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "உங்களுக்கும் பிள்ளையள் இருக்கினம்தானே" என்றீர். எனக்கு உம்மில் கோபந்தான் வந்தது. ஒரு சொல் திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், மனம் இலேசாகியிருக்கும். அந்த வழியையும் அடைத்துவிட்டீர். திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வழமைபோல வந்து கொப்பியில் கையெழுத்து வைத்தீர். ஏன் வைத்தீர் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அது எதற்கும் உதவாது என்று அப்போது இருவருக்கும் தெரியும்.

பிறகு சண்டை. ஊர் இருந்த இடத்தை விட்டு எழும்பியது. பள்ளிக்கூடமும் எழும்பியது. இடாப்பு இல்லாவிட்டால் ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை என்பதால் அதை ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்து உழவு இயந்திரத்தில் ஏற்றினேன். தருமபுரத்துக்கு அப்பால் ஒரு காணியில் மரங்களுக்குக் கீழே மறுபடி தொடங்கினோம். வந்த ஆசிரியர் மூன்று பேர். முதல் நாள் ஏழு மணிக்கே நீர் வந்து நின்றீர்.

"இப்பதான் மிளகாய்த் தோட்டம் இல்லையே ரீச்சர், காலமையே வரலாம்" என்று சிரித்தீர். பிறகு, "என்ர கொப்பி?" என்று கேட்டீர்.

"அது மல்லாவியில, அலுமாரிக்குள்ள விடுபட்டுப் போச்சு."

"சரி, காகிதம்தானே."

அப்போது அந்தச் சான்றிதழ் பொலித்தீனில் சுற்றி என் இடுப்பில் இருந்தது. எல்லாரும் அப்படித்தான் சேட்டிபிக்கற்றுகளை உடம்போடு கட்டிக்கொண்டு திரிந்தோம், நகையைவிடக் கவனமாக. உமது கொப்பிக்குத்தான் இடம் இருக்கவில்லை.

இடாப்பை உமக்கு முன்னால் தள்ளினேன். நீர் கையைச் சட்டையில் துடைத்தீர். "முழுப் பேர் எழுதட்டோ?" என்று கேட்டீர். ஏழரைக்கு உமது பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்தேன். பதினொரு நாள். நீர் கணக்குப் பாடம் எடுத்தீர், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தீர். பந்து இருந்தது, ஓடவிடத்தான் பயம். பன்னிரண்டாம் நாள் அந்த இடத்தையும் விட்டு எழும்பினோம். நீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சண்டை முடிந்து வவுனியா முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோது உமது அணியில் சென்ரர் இடத்தில் விளையாடின பிள்ளை என்னைக் கண்டு வந்து உமது சாவைச் சொன்னாள். முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வழியில் என்றாள். மேலே ஒன்றும் நான் கேட்கவில்லை. பெட்டியும் இடாப்பும் எந்தப் பங்கருக்குள் போயினவோ தெரியாது.

இந்த இடத்தில் நேற்று நிறுத்திவிட்டேன். இன்று பள்ளிக்கூடம் போய் வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

அந்த இளம் ஆசிரியை குறிப்புக் கொப்பியோடு வந்தாள். "நான் அந்தப் பந்தைத் தொட்டதே இல்லை பிள்ளை" என்றேன்.

"அப்ப ஆர் மிஸ் பழக்கினது?"

உமது பெயரைச் சொன்னேன். பின்னால் 'ரீச்சர்' என்று சேர்த்துச் சொன்னேன். உம்மை அப்படி நான் சொன்னது அதுதான் முதல்முறை. படிவத்தையும் சொன்னேன், "ஓம்" என்றதையும் சொன்னேன், "உதவி" என்றதையும் சொன்னேன். அவள் பேனையை மூடிவிட்டாள்.

"இதை மேடையில எப்பிடி மிஸ் வாசிக்கிறது? பேசாமல் விட்டிடுவமோ?"

என்மேல் இரக்கத்தில்தான் கேட்டாள். எனக்கும் களைப்பாக இருந்தது, ஓம் என்று சொல்லிவிடலாம்போல வந்தது. "இல்லை, சொன்னபடியே வாசியுங்கோ" என்றேன். இதில் என்னைப் பெரிய மனுசியாக நினைத்துவிடாதீர். தரமும் கிடைத்தது, சம்பளமும் எடுத்து முடிந்தது, ஓய்வூதியத்திலும் ஒருவரும் கை வைக்கப்போவதில்லை. எனக்கு ஒரு நட்டமும் வராத நாள்வரை காத்திருந்துதான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். கிளிநொச்சியில் சொல்லியிருந்தால் உமது அப்பா தோட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருப்பார்.

வீட்டுக்கு வந்து சான்றிதழைக் கிழிக்க எடுத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. கொப்பி மல்லாவியில் போயிற்று, இடாப்பு மண்ணுக்குள் போயிற்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நெற்போல் அணி இருந்தது, அதை ஒருவர் பழக்கினார், பிள்ளைகள் வென்றார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கிற காகிதம் இது ஒன்றுதான். திரும்பவும் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். அதில் என் பெயர் இருக்கிறது.