கலங்கின படம்

மார்ச் 4

சொட்டை, உன் தங்கச்சி அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு அவ வீட்டுக் கூடத்துல மாட்டிட்டா. உன் மண்டைக்குள்ள எடுத்த ஸ்கேன். பாதியா வெட்டின முட்டைக்கோசு மாதிரி சாம்பலா இருக்கு, காதோரம் மட்டும் ஒரு சிவப்புத் திட்டு. வர்றவங்க கிட்டயெல்லாம் தொட்டுக் காட்டுறா. "என் குரல் கேட்டதும் அண்ணன் மூளை இங்கதான் பத்திக்கிச்சு."

எனக்கு வயிறு பத்திக்கிச்சு.

மார்ச் 5

தூக்கமில்லை.

மார்ச் 9

நீ லாரி மேலேருந்து விழுந்து நினைவில்லாம கிடந்தப்ப டாக்டர் சொன்னார்: "முதல் ஸ்கேன் மூளை எங்க அடிபட்டிருக்குன்னு காட்டும். இந்த ரெண்டாவது ஸ்கேன் எங்க வேலை செய்யுதுன்னு காட்டும். பழகின குரலைக் கேக்க வச்சுப் பார்க்கலாம்."

எங்க ரெண்டு பேர் குரலையும் பதிஞ்சாங்க. நீ சைக்கிள் கத்துக்குடுத்த கதையை உன் தங்கச்சி அழுதுகிட்டே அழகாச் சொன்னா. எனக்குப் பேச்சே வரலை. "வீட்ல தினமும் சொல்றதைச் சொல்லுங்கம்மா"ன்னாங்க நர்சு. "தள்ளிப் படு"ன்னேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். வேற என்ன சொல்ல?

ரிப்போர்ட்டை உன் தங்கச்சிதான் படிச்சுச் சொன்னா. அவ குரலுக்குச் சிவப்பு வந்துச்சாம். என் குரலுக்கு ஒண்ணும் வரலையாம். அடுத்த வாரம் நீ போயிட்ட.

அப்ப என்னை யாருன்னே தெரியாமத்தான் போனியா? அவளுக்கு அண்ணனா மட்டும்?

மார்ச் 15

வந்திருந்தா. "மனசுல வச்சுக்காதீங்க அண்ணி. ரத்த பாசம்னா அப்படித்தான்"னா. உன் மண்டையையும் படம் எடுத்துப் பாருடி, காலி வீடுதான் தெரியும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

மார்ச் 18

ஸ்கேன் எடுத்த பொண்ணைத் தேடிப் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தா.

"ஒண்ணும் வரலைன்னு இல்லம்மா. படம் கலங்கிடுச்சு, அதான் கணக்குல எடுக்கலை. தலை அசைஞ்சா அப்படி ஆகும்."

"நினைவே இல்லாத மனுஷன் தலை எப்படிம்மா அசையும்?"

"ரெண்டு பக்கமும் பஞ்சு அடைச்சுதான் வச்சிருந்தோம். அப்படியும் உங்க குரல் ஓடுறப்ப ஒரு பக்கமா நகர்ந்திருக்கு." என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவளே சொன்னா, "இருமலாவும் இருக்கலாம்மா. நான் உறுதியாச் சொல்ல மாட்டேன்."

அந்தப் படத்தைக் கேட்டேன். "இது கெட்டுப்போன படம், எதுக்கு?"ன்னா. ஆனா குடுத்தா.

மார்ச் 21

உன் தங்கச்சி வந்தா. தலைமாட்டுல இருந்த படத்தைப் பார்த்துட்டு, "என்ன அண்ணி இது, ஒரே புகை மூட்டமா இருக்கு?"

"ஆமா"ன்னேன். "சாப்பிட்டுப் போ"ன்னு தட்டு வச்சேன். அவ மேல கோபமே வரலை, பாரேன்.

இப்பவும் என் ஓரத்துலதான் படுக்கிறேன். உன் பக்கம் அகலமாக் கிடக்கு. சொல்லேன் சொட்டை, இருமினியா, இல்ல தள்ளிப் படுத்தியா?